புண்ணாக்குத் தண்ணீர் ஏற்றிய எடை

அன்றைக்கு வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்த கால்நடைக் கல்லூரி ஆராய்ச்சி மாணவி. கொம்பு சுருண்ட கிடாவையும் சேர்த்தால் ஐந்து பேர்.

கிடா, மைத்துனரிடம் நான் கடன் சொல்லி வாங்கியது. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழையை நம்பினால் பாதிப் பிழைப்பு, செம்மறியை நம்பினால் மீதி. பாதி ஆடுகளைப் பழைய கிடாவுக்கும் பாதியைப் புதுசுக்கும் விட்டிருந்தேன். பழைய கிடாவின் குட்டிகள் கொழுகொழுவென்று விழுந்தன. புதுசின் குட்டிகளோ கையகலம்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு எடை தேறாவிட்டால் கிடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மைத்துனர் கட்டிலில் சாய்ந்தபடி, "மாப்ள, ஒங்க கவலையத் தராசுல போட்டா கிடாவ விடக் கூட நிக்கும்" என்றார்.

மாணவி மாதாமாதம் வந்து, கொக்கித் தராசில் குட்டிகளைச் சாக்கில் தொங்கவிட்டு நிறுப்பாள். பிறகு கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, ஒவ்வொரு கிடாவின் குட்டிகளுக்கும் ஒரு கோடு இழுப்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குக் கட்டத்தாளைக் கண்டாலே ஓடத் தோன்றும். அது தெரிந்துதானோ என்னவோ, பஸ்ஸை வைத்துச் சொன்னாள்.

"குட்டி வளர்றது நான் வந்த பஸ் மாதிரிண்ணே. ஸ்டாண்டுல இருந்து மெதுவா உருளும், ரோட்டுக்கு வந்ததும் பறக்கும், ஊர் நெருங்கினா அடங்கும். பொறக்குறப்ப எடை பாதி தாய் வயித்து விசயம். அதுக்கப்புறம் பறக்குற வேகத்துலதான் அப்பன் யாருன்னு தெரியும்."

எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது, எவ்வளவு வேகம், கடைசியில் எங்கே நிற்கும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும், இன்னும் வராத மாதத்தின் எடையையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாமாம். நான் தலையாட்டினேன். பஸ் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தோம். புதுக் கிடாவின் குட்டிகள் ஒவ்வொன்றும் முள்ளை எகிறவைத்தன. சந்தோஷத்தில் ஒவ்வொரு எடையையும் நான் சத்தமாகக் கூவினேன். அவளோ பென்சிலைக் கடித்தாள். அன்றைய புள்ளிகளெல்லாம் கோட்டை விட்டு வெகு உயரத்தில் போய் நின்றன. எந்தக் கிடாவுக்குப் பிறந்தாலும் ஒரு மாதத்தில் இம்புட்டு ஏறாது என்றாள். அப்போது சாக்கில் தொங்கிய குட்டி ஒன்று சடசடவென்று மூத்திரம் பெய்ய, தராசின் முள் எங்கள் கண்முன்னே இறங்கியது.

குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டுகிற என் மனைவியை எல்லோரும் பார்த்தோம். விடியற்காலையில் அந்தக் குட்டிகளுக்கு மட்டும் வயிறு முட்டக் கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறாள்.

"வெளியாளு முன்னாடி வெறும் வயித்தோட நிக்கவா? எங்க அண்ணன் வீட்டுக் கிடாவுக்குப் பொறந்ததுக" என்றாள், கொஞ்சமும் அசராமல்.

மைத்துனர் சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது. பிறந்த வீட்டு மானம் கிலோக்கணக்கில் ஏறியதை அவர் அன்றுதான் பார்த்தாராம்.

மாணவிக்கும் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. இரண்டு கிடாக்களின் குட்டிகளையும் ஒன்றுபோல, கொடாப்பு என்கிற பெரிய மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து உள்ளே அடைத்தோம். சாயங்காலம்வரை தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. குட்டிகள் கத்தக் கத்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்களுக்கு மட்டும் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் நடந்தது. நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் மறுபடி நிறுத்தோம். எடை குறைந்திருந்தது. நான் அவள் தாளை எட்டிப் பார்த்தேன். அவள் புள்ளி வைத்து, வளைத்துக் கோடு இழுத்தாள். ஒரு புள்ளிகூட விலகவில்லை. கீழே கிடந்த புதுக் கிடாவின் கோடு, பழைய கிடாவின் கோட்டை அந்த மாதத்தில்தான் வெட்டிக்கொண்டு மேலே ஏறியிருந்தது.

"பஸ் ரோட்டுக்கு வந்துருச்சுண்ணே."

கட்டத்தாளைப் பார்த்து நான் சிரித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது என்னை முட்டித் தள்ளியது.

மனைவி கொடாப்புகளைத் தூக்கிவிட, குட்டிகள் தாய்களிடம் பாய்ந்தன. மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டார். கிடா இனி எங்கள் பட்டியில்தான் என்று ஆகிவிட்டதால், அதன் கணக்கையும் சொல்லிவிட்டே பஸ் ஏறினார்: பாக்கி எண்ணூறு ரூபாய்.