வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

கணக்கு டீச்சருக்கு விடைப் புத்தகம் உண்டு. பிள்ளைகளுக்கு முடிவெடுக்கச் சொல்லித்தருகிறவளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சக டீச்சர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பல வருஷம் இங்கிலீஷ் நடத்திவிட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளியில் நானே கேட்டு வாங்கிய வகுப்பு இது. பத்தாம் வகுப்புக்கு, வாரம் ஒரு பீரியட். "அரையாண்டு வரைக்கும் பார்ப்போம். பிரயோஜனம் இல்லைன்னா கணக்குக்குக் குடுத்துடலாம்" என்றார் ஹெச்.எம். அன்றிலிருந்து என் உயிர் அந்தப் பீரியடில்தான் இருந்தது.

நிற்காத பஸ்

என் பாடம் மொத்தமும் போர்டில் ஒரு கோடுதான். இடப்பக்கம் 'தெரிந்தது', வலப்பக்கம் 'நினைத்தது'. எந்தப் பிரச்சினையானாலும் முதலில் இரண்டாகப் பிரி. நினைத்ததை யாரிடம் கேட்டால் தெரியுமோ, அவர்களிடம் போய்க் கேள்.

திருவெள்ளறைப் பக்கமிருந்து வரும் சங்கீதாதான் முதல் பிரச்சினையைக் கொண்டுவந்தாள். புது டிரைவர் வந்ததிலிருந்து காலை பஸ் நிற்பதில்லை. ஃப்ரீ பாஸ் பிள்ளைகள் என்றால் அவருக்கு இளக்காரம் என்றாள். பஸ் நிற்காதது இடப்பக்கம், இளக்காரம் வலப்பக்கம். "கண்டக்டரைக் கேள்" என்று அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்:

"ஸ்டாப்ப அந்தாண்ட மாத்தி எவ்வளவோ நாளாச்சும்மா. பழைய டிரைவர் பாவம் பாத்து நிறுத்துனாரு. இவரு, நீங்க டாட்டா காட்டுறீங்கன்னுல்ல நெனச்சாரு."

தூங்கிய பையன்

டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில், ரங்கராஜன் வகுப்பில் தூங்கி விழுந்தான். அதுவும் என் வகுப்பில். அந்தச் சமயம் பார்த்து ஹெச்.எம். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அவனை எழுப்பி நிறுத்தி, ராத்திரியெல்லாம் போன் பார்ப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவன், மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, அப்பாவோடு கோயிலில் கோஷ்டியாகப் பாசுரம் சேவிக்கப் போவதாகச் சொன்னான். ஆற்றுக்கு அக்கரையில் கே.கே. நகரிலிருந்து வந்துபோகும் எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"போன் பாக்கறேன்னு சொன்னேளே மிஸ், அத எந்தப் பக்கம் எழுதணும்?"

கடைசிக் கேள்வி

அரையாண்டு முடிவு வந்தது. கணக்கில் பதினோரு பேர் ஃபெயில். ஹெச்.எம். நல்லவர்; பீரியடைத் தடாலென்று பிடுங்கவில்லை. "முடிவெடுக்கத்தானே சொல்லித்தர்றீங்க, அவங்களையே கேட்டுருங்க" என்றார். எனக்குள் குஷி. பிள்ளைகள் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

சங்கீதா சாக்பீஸை வாங்கிக் கோடு போட்டாள். பதினோரு பேர் ஃபெயில், இடப்பக்கம். பொதுத்தேர்வுக்குச் சில வாரம்தான் பாக்கி, இடப்பக்கம். இந்த வகுப்பு பிடிக்கும் என்று பாதிப் பேர் கத்தினார்கள், அதுவும் இடப்பக்கம். கணக்கு டீச்சர் வேறு நேரம் ஒதுக்குவார் என்று யாரோ சொன்னதும், ஒருத்தி ஓடிப்போய் அவரைக் கேட்டுவிட்டு வந்தாள். அவருக்கு வேறு நேரமே இல்லையாம்.

"பீரியட் போனா மிஸ் வருத்தப்படுவாங்க" என்றது ஒரு குரல். "அது நாம நெனைக்கறது" என்ற ரங்கராஜன், என் பக்கம் திரும்பி, "வருத்தப்படுவேளா மிஸ்?" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். சங்கீதா அதையும் இடப்பக்கம் எழுதினாள்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். அத்தனை கையும் கணக்குக்கு. சங்கீதா சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க வருத்தப்படுறீங்கன்னு தெரிஞ்சுதான் மிஸ் கை தூக்குனோம். ஆனா பரீட்சை எழுதப்போறது நாங்கதானே?"

இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, அவர்கள் எடுத்த முடிவு சரிதான் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். மாணவி இன்னும் முழுசாக ஒப்புக்கொண்டபாடில்லை.