அப்பாவின் காரை அண்ணன் கிளப்பிய நாள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, நானும் அவரும் மட்டும் இருக்கும் காக்ஸ் டவுன் வீட்டின் ஷெட்டில் அவருடைய கார் அப்படியே நின்றது. கூரை ஒழுகியது. மழைத் தண்ணீர் எப்படியோ இன்ஜினுக்குள் இறங்கி, பிஸ்டன்கள் துருவேறி இறுகிவிட்டன. மர்பி டவுனிலிருந்து வந்த மெக்கானிக், இன்ஜின் ஜாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் அதைத் தானே சரிசெய்வதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காரை அப்பா அவனைத் தொட விட்டதே இல்லை. சனிக்கிழமை காலையில் வருவான். முதலில் அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து ஷெட்டுக்கு எதிரே நிறுத்துவான். அப்புறம்தான் பானெட்டைத் திறப்பான். அப்பா மேல் அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டான். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அசையவில்லை. மறுபடி ஊற்றினான். இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் புல்லிச் சக்கரத்தில் ஸ்பானரை மாட்டி, அதன் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, மெல்ல முன்னும் பின்னும் அழுத்தினான். வேகமாக அழுத்தினால் உள்ளே ஏதாவது உடையும் என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவு பொறுமையை அவனிடம் நான் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை கிறீச்சென்று நகக்கண் அளவு நகர்ந்தது. கோணிய வாயில் எச்சில் வழிய, அப்பா இடது கையால் நாற்காலியைத் தட்டினார்.

பழைய ஆயிலை வடித்து, புதிது ஊற்றி, புது பேட்டரி மாட்டிய அன்று இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வெள்ளைப் புகை ஷெட்டை நிறைத்தது. அப்பா அழுதார். குழறிக் குழறி, "சர்ச் வரைக்கும்... ஒரு ரவுண்டு" என்றார்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே அவர் முன்னால் குனிந்தான்.

"ஆட்டோ கூப்பிடட்டுமா டாடி?"

குரலில் கோபமே இல்லை. அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிய நாட்களில், வாந்தியெடுத்து சீட்டைக் கெடுத்துவிடுவாள் என்று அப்பா அவளைக் காரில் ஏற்றவில்லை. அம்மா ஆட்டோவில்தான் போனாள். அவள் வாயருகே பிளாஸ்டிக் கவரைப் பிடித்தபடி அண்ணன் கூடப் போவான். அவள் செத்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசியதில்லை.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. உடம்பு முடியாதவர், ஏற்றிக்கொண்டு போ என்று நான் அண்ணனிடம் கெஞ்சினேன்.

"மம்மியும்தான் முடியாம இருந்தா" என்றவன், எனக்கு மட்டும் முன் கதவைத் திறந்துவிட்டான். நான் ஏறவில்லை. தனியாகவே ரிவர்ஸ் எடுத்து கேட்டைத் தாண்டிப் போனான்.

அப்பா மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் ரோட்டையே பார்த்து, தூரத்தில் கேட்ட இன்ஜின் சத்தத்தைக் கவனித்தார்.

"கிளட்ச்ச மிதிச்சே வச்சிருக்கான்" என்றார். "முட்டாப் பய."

இப்போது கார் வைட்ஃபீல்டில், அண்ணனின் அபார்ட்மென்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்க அதில்தான் வருகிறான். கேட்டுக்கு வெளியே இன்ஜினை ஓடவிட்டுவிட்டு உள்ளே வந்து, பழங்களை மேஜையில் வைத்து, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பான். அவன் கிளம்பும்வரை அப்பா கேட்டைப் பார்த்த ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருப்பார்.