ஈரக் கையில் வயர்லெஸ்: கோட்டைக்குப்பம் போய் வந்தது

காலை 6.10. மீஞ்சூரில் ரயில் ஏறினேன். பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ். டிக்கெட் இருபது ரூபாய். மடியில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. திருப்பாலைவனம் வரை நெல். அதற்கப்புறம் காற்றில் உப்பு.

பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியைத் தட்டினார்.

"இன்னா நைனா இது?"

"வயர்லெஸ் செட்டை தூரத்துலேர்ந்து பேச வைக்கிறது."

"கரெண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி இருக்கு."

"பேட்டரி போச்சுன்னா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

8.15. கோட்டைக்குப்பம். மீன் ஏலம் போடுகிற கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதில் வயர்லெஸ் செட். கடலுக்குப் போன படகுகள் கூப்பிட்டால் குமாரி பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதமாக அதே நாற்காலி. அதற்கு முன்னால் ஏரியில் இறங்கி கையால் இறால் பிடித்தவள்.

"திரும்ப தண்ணியில எறங்கணும்ண்ணா. உக்காந்து உக்காந்து இடுப்பு செத்துப் போச்சு. இது ஓடலன்னா நான் இங்கயேதான்."

ஓடினால் செட் இங்கே இருக்கும். அவள் ஏரியிலிருந்தே போனில் பேசலாம்.

9.40. பெட்டியை செட்டோடு சேர்த்தேன். இன்டர்நெட் கொடுத்தேன். அவள் போனில் ஆப் போட்டேன். திரையில் சிவப்பு வட்டம். விரல் வைத்தால் பேசும், எடுத்தால் கேட்கும். ஐந்து தடவை பார்த்தோம். ஐந்தும் சரி.

10.30. போனை பாலிதீன் கவரில் போட்டுத் தலைத்துணியில் செருகிக்கொண்டாள். கழுத்தில் ஓலைக்கூடை. இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பெண்கள். குனிந்து சேற்றைத் துழாவுகிறார்கள். கை மேலே வரும்போது இறால் இருக்கிறது. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"குத்தும்ண்ணா," என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான்.

குமாரி ஈரக் கையால் போனை எடுத்தாள். ஒரு படகோடு பேசினாள். திரும்பச் செருகினாள். நான் அறைக்குத் திரும்பி, கூரை மேல் ஏறி ஏரியல் ஒயர் கட்டினேன்.

11.15. ஒரு படகு கரைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் கீழேயிருந்து கத்தினார்.

"யோவ், வயர்லெஸ்ல குடும்பக் கதை ஓடுது! மணி புயலுக்கு அஞ்ச மாட்டானாம். கரப்பான்பூச்சிய பாத்தா கட்டில் மேல ஏறிடுவானாம்!"

மணி குமாரியின் புருஷன். அப்போது கடலில் இருந்தான்.

இறங்கி ஓடினேன். செட்டில் சிவப்பு விளக்கு; இங்கிருந்து பேச்சு போகும்போதுதான் அது எரியும். தொட்டால் சுட்டது. கவரில் இருந்த தண்ணீர் வட்டத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. குமாரி ஏரியில் மற்ற பெண்களிடம் சொன்னதெல்லாம் படகுகளுக்குப் போயிருக்கிறது. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. உடனே ஒரு குரல்.

"யாராவது இருக்கீங்களா? முகத்துவாரத்துல நிக்கிறோம். இஞ்சின் போச்சு. அலை மணல்மேட்டுப் பக்கம் தள்ளுது."

மணி. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ. ஒருத்தர் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர் குரல் வராது. வந்த படகே திரும்பிப் போய் கயிறு கட்டி இழுத்து வந்தது.

12.30. குமாரி ஏரியிலிருந்து ஏறி வந்திருந்தாள். மணி கரையில் நின்றான். முழுக்க நனைந்திருந்தான்.

"இன்னாமே, ஊரே சிரிக்குது."

"நீ ஏறுனது நெசந்தான?"

அவன் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து ரூம்லயே உக்காரு. பெட்டிய அவரு எடுத்துனு போவட்டும்."

குமாரி என்னைப் பார்த்தாள்.

"தப்பு என்னுது," என்றேன். "காஞ்ச கையில மட்டும் பாத்தேன். இன்னொரு வாட்டி பாக்கலாம்."

மணி சட்டையைப் பிழிந்துகொண்டே சரி என்று தலையாட்டினான்.

1.00. சிவப்பு வட்டத்தை எடுத்துவிட்டேன். போன் ஓரத்தில் சத்தம் கூட்டுகிற பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால்தான் இனி பேசும். பெட்டியில் இன்னொன்று வைத்தேன். அரை நிமிடத்துக்கு மேல் யார் பேசினாலும் தானே அறுந்துவிடும். அந்த வசதி முதலிலிருந்தே இருந்தது. நான்தான் வைக்கவில்லை.

2.20. குமாரி ஏரியில். மணி வேறொரு படகில் முகத்துவாரத்துக்குப் போனான். நான் அறையில். போனைக் கவரோடு தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லியிருந்தேன். விளக்கு எரியவில்லை.

"குமாரி, கேக்குதா?" செட்டில் மணியின் குரல்.

"கேக்குது. சொல்லுயா."

அப்புறம் மணி சொன்னான்: "அந்தக் கரப்பான்பூச்சி கதைய இன்னொரு தபா சொல்லு. அறுக்குதா பாக்கலாம்."

சொன்னாள். பட்டனை விடாமல் சொன்னாள். கட்டில் வரை வந்தது. கட்டில் ஆடியது. மணி ஏறுவதற்குள் அறுந்தது.

"அறுத்துச்சு," என்றான் மணி. "நீ அங்கயே இரு."

4.00. பஸ். என் போனிலும் அந்த ஆப் இருந்தது. திருப்பாலைவனம் வரை கேட்டுக்கொண்டு வந்தேன். குமாரி ஒரு படகுக்குப் பதில் சொன்னாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம். அப்புறம் ஆப்பை அழித்தேன்; இனி நான் கேட்க வேண்டியதில்லை.

மீஞ்சூரில் எந்தப் பெட்டியையும் மேசை மேல் வைத்து, ஃபேன் போட்டுத்தான் பார்ப்பேன். வீடு வந்ததும் அந்த மேசைக்குக் கீழே ஒரு வாளி உப்புத்தண்ணீர் வைத்தேன், அடுத்த பெட்டியை ஈரக் கையால் பார்க்க.