சிவப்பு மைக்கு அடியில்

அறுபதுகளில் சிங்கப்பூர்த் தேக்காவில் என் அறையில் தங்கியிருந்த நண்பன் செல்வம், பழைய பலாப்பலகையில் ஒரு கிட்டார் செய்தான். சாயம் பூசுவதற்குள் காய்ச்சலில் இறந்துவிட்டான்.

அதை முடித்து அவன் அக்காவிடம் கொடுக்க நினைத்தேன். சாயமாகத் தொட்டுப் பார்த்த நீலப் பேனா மை அந்த மஞ்சள் மரத்தில் பச்சையாகத் தெரிந்தது. அதனால் சிவப்பு மையைத் தேர்ந்தெடுத்தேன். திட்டுத் திட்டாகப் பிடிக்காமல் இருக்க, உப்புத்தாளால் பலகையை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பூசினேன்.

அக்கா கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு லா தம்பி. பின்னால பென்சில்ல உன் பேரை எழுதியிருக்கிறதா சொன்னானே, எங்க?"

"நான் பார்க்கலையே அக்கா" என்றேன்.

பார்த்திருந்தேன். பூச்சுக்கு இடைஞ்சல் என்று நான்தான் தேய்த்து அழித்தேன்.

மரத்தின் ஒவ்வொரு ரேகையும் அந்த மைக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. அவன் எழுத்தும் தெரிந்திருக்கும்.