நான்காவது ஆள் யார்

என் மனைவிக்கு எண்ணும் பழக்கம் உண்டு. மாடிப்படி ஏறினால் எண்ணுவாள், கொடியில் காயும் துணியை எண்ணுவாள், ஒரு நாளில் நான் எத்தனை தடவை "அப்புறம் பார்க்கலாம்" என்றேன் என்பதையும் எண்ணி வைத்துக்கொண்டு சரியான நேரத்தில் எடுத்து விடுவாள். கல்யாணமான புதிதில் எரிச்சலாக இருந்தது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஏறும் பிள்ளைகளையும் இறங்கும் பிள்ளைகளையும் எண்ணுவதே என் பிழைப்பில் பாதி. வீட்டிலும் அதேவா என்று அலுத்துக்கொள்வேன். இப்போது பழகிவிட்டது.

அவள் வேலை பார்ப்பது தையல் மெஷினும் அதன் பாகங்களும் விற்கிற கம்பெனியில். கீழே ஷோரூம், மேலே ஆபீஸ். கம்பெனியின் வெப்சைட் முழுக்க அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த வருஷமே யாரும் சொல்லாமல் ஒரு காரியம் ஆரம்பித்தாள். மெஷின் வாங்கியவர்கள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்தாள். நூல் அறுகிறது, ஊசி உடைகிறது, துணி நகர மாட்டேன் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் மெக்கானிக் அண்ணனைப் பிடித்துப் பதில் வாங்கி, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று வெப்சைட்டில் ஏற்றினாள். மேலே நான்கே வரியில் பதில். கீழே மெக்கானிக் அண்ணன் கையால் வரைந்த பெரிய படம். அந்த மனிதர் ஒரு திருகைக்கூட விடாமல் வரைகிறவர். படம் போனில் முழுசாக வருவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவியும் வைத்துவிடலாம்.

ஆறு வருஷத்தில் அப்படி நூற்றுத் தொண்ணூறு பக்கங்கள் சேர்ந்தன. அவற்றை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பார்த்தால் மாதத்துக்கு ஐந்து பேர், ஆறு பேர். வெப்சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணிச் சொல்ல ஒரு கவுன்ட்டர் இருந்தது. அது அப்படித்தான் சொன்னது. நானும் சும்மா இருக்காமல், "நீயும் அண்ணனும் மாத்தி மாத்திப் படிச்சாலே ஆறு வந்துடுமே" என்று கிண்டல் செய்வேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

போன மாதம் முதலாளி வெப்சைட்டைப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார். அதோடு பழைய கவுன்ட்டரைத் தலைமுழுகிவிட்டு ஒரு புது அனலிட்டிக்ஸுக்கு மாறுவது என்றும் ஏற்பாடு. புதியது வெறும் எண்ணிக்கையோடு நிற்காது. யார் எந்தப் பக்கத்தில் நுழைந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், இந்த நிமிஷம் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், எல்லாம் சொல்லும். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணுகிறவளுக்கு எண்ணுகிற யந்திரம் கிடைத்தால் கேட்கவா வேண்டும். இரண்டு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கூடவே ஒரு பட்டியலும் வந்தது. புது வெப்சைட் கட்டுகிறவர், மாதத்துக்குப் பத்துப் பேர்கூட வராத பக்கங்களை எல்லாம் தூக்கிவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பட்டியலில் இருந்தவை நூற்றுத் தொண்ணூறு பக்கங்கள். எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. திங்கட்கிழமை முதலாளி கையெழுத்துப் போட்டால் ஆறு வருஷ வேலை போய்விடும்.

"போகப்போற பக்கத்துக்கு எதுக்கு மேடம் புது கோட் போட்டுக்கிட்டு" என்று கட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். வந்தவர்களை எண்ணுவதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி கோட் சேர்க்க வேண்டும், அதைத்தான் சொன்னார். இவளுக்கு ரோஷம். "போறதுதான் போகுது, ஒரு தடவை எண்ணிட்டு அனுப்புறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்கெல்லாம் எல்லாப் பக்கத்திலும் கோட் ஏறிவிட்டது.

அடுத்தது சோதனை. வீட்டில் இருந்த எல்லோரையும் வேலைக்குப் பிடித்தாள். என்னைப் படுக்கையறையிலும் மகளைப் பால்கனியிலும் நிறுத்தினாள். மாடி வீட்டில் இருக்கும் அவள் தம்பி, அதாவது என் மச்சான், தூக்கக் கலக்கத்தோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு பக்கம்.

"மூணு பேரும் திறந்தாச்சா?"

"திறந்தாச்சு" என்றோம் மூன்று திசையிலிருந்தும்.

பிறகு, "யாரு ரெண்டு தடவை திறந்தது? நாலு காட்டுது" என்றாள்.

"இவனாத்தான் இருக்கும்" என்றேன் நான்.

"மாமா, நான் இன்னும் கண்ணையே சரியாத் திறக்கல" என்றான் மச்சான்.

எங்கள் தொழிலில் வண்டியில் ஒரு பிள்ளை குறைந்தால் பதறுவோம்; ஒன்று கூடிவிட்டால் அதைவிடப் பதறுவோம், எந்த வீட்டுப் பிள்ளையோ என்று. அதனால் அவள் குரல் ஏன் அப்படி மாறியது என்று எனக்குப் புரிந்தது. கோட் இரண்டு தடவை எண்ணுகிறது, எங்கேயோ சொதப்பிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். எல்லோரையும் பக்கத்தை மூடச் சொன்னாள். மூடினோம். நான்கு மூன்றானது. மூன்று ஒன்றானது. அதோடு நின்றுவிட்டது.

"இன்னும் யாரோ மூடல."

நாங்கள் மூன்று பேரும் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தோம். அப்படியும் ஒன்று ஒன்றாகவே இருந்தது. இவள் அந்த ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். 'கனமான துணி தைக்கும்போது ஊசி உடைந்தால்' என்ற பக்கத்தை யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

"அம்மா, அது நிஜ ஆளு" என்றாள் மகள்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று மூன்றானது. பிறகு ஐந்து. எட்டு. நான்கு பேரும் ஒரு லேப்டாப்பின் மேல் கவிழ்ந்து, முன்பின் தெரியாத யாரோ அடிநூல் சுற்றும் பாபினை மாற்றுவதைப் பற்றிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வைத்த டீ ஆறிப்போனது. மதியம் வரைக்கும் இருநூற்றுப் பத்துப் பேர்.

பழைய கவுன்ட்டர் ஏன் இவர்களைக் காட்டவில்லை என்பது மச்சானின் ஓட்டைப் போனை வைத்துத்தான் தெரிந்தது. அவன் ஒரு பக்கத்தைத் திறந்தான். நான்கு வரிப் பதில் உடனே வந்தது. படம் வந்துகொண்டே இருந்தது. படம் முடிகிறவரை பழைய கவுன்ட்டர் அவனை ஆளாகவே மதிக்கவில்லை. பதிலைப் படித்துவிட்டு மூடினால், அவன் வந்ததற்கு அடையாளமே இல்லை.

"நான்தாங்க அப்படி வச்சேன்" என்றாள். "போன் மெதுவா இருக்கிறவங்களுக்கு முதல்ல பதில் வரட்டும், எண்ணுறது கடைசியில நடக்கட்டும்னு. கவுன்ட்டரோட கோட் வரிய படத்துக்கும் கீழ போட்டு, படம் முடிஞ்சாத்தான் எண்ணணும்னு வச்சுட்டேன். நூத்தித் தொண்ணூறு பக்கத்துலயும்."

வந்தவர்களை உட்கார வைத்துவிட்டுப் பெயரை அப்புறம் கேட்கலாம் என்று இருந்திருக்கிறாள். அவர்களும் வந்த வேலை முடிந்ததும் எழுந்து போயிருக்கிறார்கள். வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது. நான் ஏதோ கிண்டல் செய்யத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள், "ஆறு வருஷமா சுவத்துக்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு நினைச்சேங்க" என்றாள். அந்த ஆறு பேர் கிண்டலை எத்தனை தடவை செய்திருப்பேன் என்று அவளிடம் கணக்கு இருக்கும். நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிய கையோடு எனக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "உடனே ஷோரூமுக்கு வாங்க." குரலில் அவசரம் இருந்தது. போனேன்.

முதலாளி பழைய கணக்கு ஒன்று, புதுக் கணக்கு ஒன்று என்று இரண்டு காகிதங்களை வைத்துக்கொண்டு சிடுசிடுவென்று இருந்தார். அவர் உயிரே வெப்சைட்டின் முதல் பக்கம்தான். தினமும் எண்ணூறு பேர் வருகிறார்கள் என்று யாரிடம் பேசினாலும் சொல்லுவார். புது அனலிட்டிக்ஸ் இருநூறு சொச்சம் என்கிறது.

"என்னம்மா இது, புது ஆளு வந்ததும் கூட்டமெல்லாம் ஓடிப்போச்சு. என் பக்கத்துல அறுநூறு பேரை முழுங்குது, உன் பக்கத்துல எங்கிருந்தோ ஆளைக் கொண்டுவருது. இதை நம்பி நான் எப்படி முடிவு பண்றது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முதல் பக்கத்தின் எண்ணிக்கை பொய் என்றால் இவள் பக்கங்களின் எண்ணிக்கையும் பொய்தான்.

என் மனைவி அசரவில்லை. பழைய கவுன்ட்டரை லேப்டாப்பில் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "சார், காலையிலிருந்து பார்த்துட்டு இருக்கேன். ஷோரூம் திறந்ததும் ஆரம்பிக்குது. சரியா நிமிஷத்துக்கு ஒண்ணு ஏறுது. ஆளுங்க இப்படி வரிசையா வரமாட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த டிவி ப்ளக்கைப் பிடுங்குங்க."

ஷோரூம் சுவரில் ஒரு பெரிய டிவி இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளியே ஆசைப்பட்டு மாட்டியது. கம்பெனி வெப்சைட்டின் முதல் பக்கம் அதில் எப்போதும் ஓடும், நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அப்படித் தானாக வருவதைப் பழைய கவுன்ட்டர் எண்ணிவிடும், புதியது எண்ணாது. ப்ளக்கைப் பிடுங்கினேன்.

ஒரு நிமிஷம் ஆனது. கவுன்ட்டர் ஏறவில்லை. இரண்டு நிமிஷம். மூன்று. முதலாளி டிவியைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். நான்காவது நிமிஷம் ஒன்றே ஒன்று ஏறியது.

"அது நிஜ ஆளு சார்" என்றேன், என் மகளைப் போலவே.

"அப்ப தினமும் அறுநூறு தடவை நம்ம கடைக்கு நம்ம டிவியே வந்துட்டுப் போயிருக்கு" என்றார் முதலாளி. கோபப்படுவார் என்று நினைத்தேன். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, பார்த்தால் சிரிக்கிறார்.

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து என் மனைவி தன் தப்பையும் சொன்னாள். படத்துக்குக் கீழே கோட் வைத்தது, ஆறு வருஷம் கவனிக்காமல் விட்டது, எல்லாம். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எண்ணிக்கை விஷயத்தில் அவளுக்கு மறைக்க வராது. முதலாளி புது அனலிட்டிக்ஸை அவரே தட்டித் தட்டிப் பார்த்தார். உதவிப் பக்கங்களில் அந்த நேரம் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அவருடைய முதல் பக்கத்தில் நான்கு பேர்.

பட்டியலை நான்காக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "எல்லாப் பக்கமும் புது வெப்சைட்டுக்குப் போகட்டும். அந்த டிவில இனிமே இந்த எண்ணிக்கை ஓடட்டும்." சொல்லிவிட்டு மேலே போனவர் பாதிப் படியில் நின்று, "மெக்கானிக்கைக் கூப்பிட்டு இதைக் காட்டும்மா" என்றார். மெக்கானிக் அண்ணன் கிரீஸ் கையோடு வந்து டிவி முன்னால் பத்து நிமிஷம் நின்றார். போகும்போது, "படத்தை வேணா கொஞ்சம் சின்னதா வரையட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் நான் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் அதே மேஜையில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'மேல்நூல் அடிக்கடி அறுந்தால்' பக்கத்தில் ஒரே ஒரு ஆள். ஒரு நிமிஷம் இருந்தார். இரண்டு நிமிஷம். இவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று பூஜ்யமானது.

"போயிட்டாங்க" என்றேன், பாவமாக இருந்தது எனக்கு.

"போகட்டும். நூல் கோத்துத் தைக்க உட்கார்ந்திருப்பாங்க" என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டு, டீ போட எழுந்தாள்.