முகாய் நம்பாத நட்சத்திரம்

ஜப்பான் கடலோர ஊரான குராயோஷியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் முகாய் ஷிகெயோவிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிப் பள்ளி வண்டியில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே படித்ததெல்லாம் மறந்துவிடும். பிரேக்கைக் கொஞ்சம் தாமதித்து மிதித்தால் போதும், "உன்னைத் தனியா வெளிய விடுறாங்களே, உங்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?" என்பார். அவரை நல்ல மனிதர் என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

அந்த மனிதருக்கும் ஓர் ஆசை இருந்தது. ஒரு சூப்பர்நோவாவைத் தாமே முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்து மடியும்போது, நேற்றுவரை ஒன்றுமில்லாத இடத்தில் ஒளிப்புள்ளி ஒன்று முளைக்கும். முதலில் பார்த்துச் சொன்னவர் பெயர் உலகம் முழுக்கப் போகும். அதற்காக வெங்காயப் பாத்தியை அழித்துத் தொலைநோக்கிக்குக் கொட்டகை போட்டார். வருடக்கணக்காக விண்மீன் மண்டலங்களைப் படம் பிடித்துப் பழைய படங்களோடு ஒப்பிட்டார். ஒன்றும் சிக்கவில்லை. மனைவி புசாயே வெங்காயத்தைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

நிஷிகோரிக்குச் சிக்கியது. மலைக்கு அந்தப் பக்கம் சுயாமாவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பழைய நண்பர் அவர். முகாயைப் பார்த்துத்தான் தொலைநோக்கியே வாங்கினார். வாங்கிய சூட்டோடு ஒன்றைப் பிடித்துவிட்டார். முகாய்க்குப் பொறுக்கவில்லை. அதைக் கொண்டாட நிஷிகோரி வைத்த விருந்துக்குப் போனவர் மீனைக்கூடத் தொடாமல் திரும்பினார்.

அடுத்த வருடம் நிஷிகோரி இன்னொரு புள்ளியைக் கண்டார். இந்த வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்டவர் அவசரப்பட்டு அறிவிக்கமாட்டார், இன்னொருவர் தம் தொலைநோக்கியில் பார்த்து உறுதி சொல்லும்வரை பொறுப்பார். ஏனென்றால் சிறுகோள் ஏதாவது குறுக்கே வந்து ஏமாற்றும். சிறுகோள் மெல்ல நகரும், சூப்பர்நோவா நகராது. நிஷிகோரி முகாயைத்தான் கேட்டார். முகாய் பார்த்தார். புள்ளி மயிரிழை அளவு நகர்ந்திருந்தது. நன்றாகவே தெரிந்தது. "நகரலை, அனுப்பு" என்று சொல்லிவிட்டார்.

அது சிறுகோள்தான் என்று டோக்கியோ வானாய்வகத்திலிருந்து உடனே பதில் வந்தது. வேட்டைக்காரர்களின் அந்த வருடக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "முடி வெட்டுறவருக்கு லென்ஸ்ல ஒட்டின முடியும் நட்சத்திரமாத்தான் தெரியும்" என்று முகாய் எடுத்துக் கொடுத்தார். இவரும்தான் பார்த்தார் என்று நிஷிகோரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததே முகாய்க்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

பிறகு ஒரு ஜனவரி மாலை, இருட்டியதும் மேகம் கொஞ்சம் விலகியபோது, முகாயின் படத்தில் அந்தப் புள்ளி வந்தது. பழைய படத்தில் இல்லை. சிறுகோள் பட்டியலிலும் இல்லை. ஆனால் இரண்டு படம் எடுப்பதற்குள் பனிமேகம் மூடிக்கொண்டது. அந்தக் கடற்கரையில் குளிர்காலத்தில் மூடினால் மூடியதுதான். வானம் தெளிந்திருக்கும் ஊர்களில் தெரிந்த இருவரைக் கூப்பிட்டார். ஒருவர் பெயரைக் கேட்டதும் போனை வைத்தார், மற்றவர் எடுக்கவே இல்லை. இருவரையும் முகாய் எப்போதோ பகைத்துக்கொண்டதுதான் காரணம். மிச்சம் நிஷிகோரி; பனிமேகம் மலையைத் தாண்டி அவர் பக்கம் போகாது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினார்.

"சொல்லுங்க" என்றார் நிஷிகோரி. நீ, வா, போ என்று பேசிய வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' சுருக்கென்று குத்தியது. முகாய் வானத்தில் அந்தப் புள்ளி இருந்த இடத்தைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"நேத்தும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன். இருக்கு. நகரலை, அனுப்புங்க."

தாம் அன்று சொன்ன அதே சொற்கள். முகாய் போனை வைத்தார். அனுப்பிவிட வேண்டியதுதானே, இன்னும் என்ன யோசனை என்று புசாயே கேட்டாள். அவன் தன்னைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்க்கிறான் என்றார். எதற்காக என்று கேட்டதும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார். தன் கண்ணால் இன்னொரு முறை பார்க்காமல் அனுப்புவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். பனி கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் அவரிடம் பாடம் படித்தவர்கள் பாவம். ஒரு பெண் நாற்சந்தியில் அழுதுகொண்டே இறங்கி நடந்து போய்விட்டாள்.

வானம் திறக்கவில்லை. செய்திதான் வந்தது. இத்தாலியில் ஒரு பல் மருத்துவர் புதிய சூப்பர்நோவாவைக் கண்டிருக்கிறார். அதே விண்மீன் மண்டலம், அதே இடம்.

முகாய் காரை எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டினார். நிஷிகோரி யாருக்கோ முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"நீதானே அந்த இத்தாலிக்காரனுக்குச் சொன்னே?"

நிஷிகோரி திரும்பவில்லை. "எனக்கு அங்க யாரைத் தெரியும்? அனுப்பணும்னா என் பேர்லயே அனுப்பியிருப்பேன். கண்டது நீங்கன்னு சும்மா இருந்தேன். நீங்க ஏன் அனுப்பலை?"

"நீ பழி வாங்குறேன்னு நெனச்சேன்."

"சிரிச்சதுக்கா? அதுக்காக இல்லாததை இருக்குன்னு சொல்லுவேனா? எவனாவது அப்படிச் சொல்லுவானா?"

"நான் சொன்னேனே" என்றார் முகாய். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "நகர்ந்தது தெரிஞ்சுதானே சொன்னேன்."

கத்தி நின்றது. நுரைக்கு நடுவே படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டார். நிஷிகோரி கத்தியைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"உன் கண்ணும் அன்னைக்கு ஏமாந்துடுச்சுன்னுதான் இத்தனை நாளா நெனச்சேன். உன் பேரையும் எதுக்கு இழுக்கணும்னு கூட்டத்துல வாயை மூடிக்கிட்டேன். அந்த நட்சத்திரம் இத்தாலிக்காரனுக்குப் போனதே நல்லது. வெளிய போ."

முகாய்க்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. வெளியே வந்து காரை நோக்கி நடந்தார்.

"கதவு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. திரும்பிப் போய்ச் சாத்தினார்.