எட்டு மாதக் குழந்தையின் முடி

1946 தை மாதத்தில் ஒரு நாள். காலை ஆறரை மணிக்குச் சென்னை சென்ட்ரலில் ரயிலேறினோம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் ரஞ்சிதம், அவளுடைய தாயார் முனியம்மாள், நான். சாமான்கள்: புளிச்சோறு ஒரு தூக்கு, மாற்றுப் புடவை மூன்று, தேங்காய், கற்பூரம். தாயார் அரைத்து எடுத்த சந்தனமும் மகள் எடுத்துவந்த சீப்பும் ஒரே பையில் இருந்தன. சந்தனம் மொட்டைத் தலையில் பூசுவதற்கு.

ரஞ்சிதத்துக்கு எட்டு மாதக் குழந்தையில் கடுங்காய்ச்சல். பிழைத்தால் மொட்டை போடுவதாகத் தாயார் திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டார். கணவர் இறந்தது, ஊர் மாறியது, யுத்தம் வந்தது என்று அது தள்ளிப்போய், ரஞ்சிதத்துக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. மொட்டைத் தலையோடு மணப்பெண்ணை மணையில் உட்கார வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நேர்த்திக்கடன் தீராமல் தாலி ஏறினால் தங்காது என்கிறார் தாயார். தன் பக்கம் ஒரு சாட்சி வேண்டும் என்றுதான் இருவருமே என்னை அழைத்திருந்தார்கள்.

நாற்பத்து மூன்று மைலில் அரக்கோணம். அங்கே ரேணிகுண்டா வண்டிக்கு மாறி இன்னும் எட்டு மைல். கரும்பும் நெல்லும் மாறி மாறி வந்தன. பத்தரை மணிக்குத் திருத்தணி. மலையடிவாரத்துக்கு ஜட்கா நாலணா.

"மொட்டைங்களா, பூமுடிங்களா?" என்றார் வண்டிக்காரர். பூமுடி என்றால் மூன்று கற்றை மட்டும் கத்தரித்துக் கொடுப்பது.

"மொட்டை" என்றார் தாயார். "பூமுடி" என்றாள் மகள்.

"இன்னா, வண்டிக்குள்ளவே ரெண்டு கட்சியா?" என்று சிரித்துக் குதிரையைத் தட்டினார்.

குளக்கரையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஒருவர் முன்னால் நின்றோம்.

"பூமுடி குடுத்தா போதும்மா" என்றாள் ரஞ்சிதம்.

"சொன்னது முழுசு. சாமிகிட்ட போய் வட்டி மட்டும் கட்டிட்டு வர சொல்றியா?"

ரஞ்சிதம் என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. ஒரு கைக்குழந்தையோட எலும்புப் படத்தையும் அதே ஆள் வளர்ந்தப்புறம் எடுத்த படத்தையும் பக்கத்துல வெச்சா, ரெண்டும் ஒருத்தர்னு சொல்ல முடியுமா?"

முடியாது. குழந்தையின் எலும்பு முனைகளில் இடைவெளி தெரியும். வளர்ந்தவருக்கு அவை ஒட்டிப்போயிருக்கும். படத்தின் மூலையில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் ஒரே ஆள் என்று நம்புகிறோம். அதைச் சொன்னேன்.

"பாத்தியா? அந்தக் குழந்தையும் இல்லை, அந்த முடியும் இல்லை. அவ கடனுக்கு நான் ஏன் தலை குடுக்கணும்?"

முனியம்மாள் அசரவில்லை. "உங்க படத்துக்குத் தெரியாட்டி போவுது. தூங்கறப்போ இன்னும் கட்டைவிரலை உள்ள வெச்சுதான் கையை மூடற. எட்டு மாசத்துலயும் அப்படித்தான். அது நீ இல்லாம யாரு?"

தூக்கத்தில் விரலை மூடுவது ரஞ்சிதமா, ரஞ்சிதத்துக்குள் இருக்கும் வேறு யாரோவா?

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்கம்மா. தீட்டிகினே இருந்தா கத்தி தேஞ்சு பூடும்" என்றார் நாவிதர்.

ரஞ்சிதம் குரலைத் தாழ்த்தினாள். "சரி, அது நான்தான். ஆனா வேண்டிக்கினது யாரும்மா? பயந்தது யாரு?"

"நான்தான் பயந்தேன்" என்றார் தாயார். "நீ தூங்கிகினு இருந்தே."

பிறகு கொண்டையை அவிழ்த்தார். பெரிதும் நரைக்காத, இடுப்பு வரை வரும் முடி. அவர்கள் குலத்தில் கைம்பெண்கள் மொட்டை போடுவதில்லை. தெருவில் அந்தக் கொண்டைக்குத் தனிப் பெயரே உண்டு என்று ரஞ்சிதம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். முனியம்மாள் நாவிதர் எதிரில் கல்லில் உட்கார்ந்தார்.

"அம்மா, வேணாம்!"

"பயந்தவ தலை இது. நீ குறுக்க பேசாதே."

"நான் முழுசாவே குடுத்துடறேம்மா. எழுந்திரு."

"அடிப்போடி. இப்போ இரக்கத்துல குடுப்பே, பங்குனியில என்னைத் திட்டுவே."

நாவிதர் தலையை நனைத்தார். ரஞ்சிதம் பக்கத்தில் மண்டியிட்டுத் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது முடிந்ததும், யாரும் சொல்லாமலே தன் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு மூன்று கற்றை கத்தரிக்கச் சொன்னாள். குளித்ததும் தாயார் தலையில் சந்தனத்தை அவளே பூசிவிட்டாள்.

படியேறிச் சன்னதிக்கு வந்தபோது உச்சிவெயில். "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

முனியம்மாள் வழக்கம்போல மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். ரஞ்சிதம் முந்திக்கொண்டாள்: "முனியம்மாள்."

"நட்சத்திரம்?"

தாயார் விழித்தார். கணவர் நட்சத்திரம் தெரியும், மகள் நட்சத்திரம் தெரியும். "எனக்கு யாரும் குறிச்சு வெக்கலீங்களே சாமி."

"அதனாலென்ன? தெரியாதவாளுக்கு சுவாமியோட நட்சத்திரம். கிருத்திகைன்னு சொல்றேன்" என்று பூவை எடுத்தார் குருக்கள்.

மாலை வண்டியில் அரக்கோணம் திரும்பும்போது, எதிரில் இருந்த ஓர் அம்மாள் அந்தச் சந்தனத் தலையைப் பார்த்து, "யாருக்கு வேண்டுதல்? பொண்ணுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தாம்மா" என்றார் முனியம்மாள்.

அது உண்மையா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். அந்தப் பெட்டியில் வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. ரஞ்சிதம் தாயாரின் தலையில் ஜன்னல் வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடிவிட்டாள்.